ஆறு மணி ஆஜர்

மானிய விண்ணப்பம் எழுதுவது என் தொழில். அதாவது, அடுத்தவர் வேதனையை முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதிக் கொடுப்பது.

அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்பதால் பிழையில்லாமல் எழுத வரும். சமூகப்பணி படித்துவிட்டு, மதுரை அரசரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கும் சின்ன அறக்கட்டளையில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். முன்னாள் ராணுவத்தினர் தற்கொலை செய்துகொள்ளாமல் தடுக்க, அந்தந்த ஊரிலேயே வேலை பார்க்கும் அமைப்புகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. எங்களுக்கும் மூன்று வருஷத்துக்குக் கொடுத்தார்கள். அதை வைத்துக் களப்பணியாளர்கள் இரண்டு பேர், மாதம் ஒரு தடவை வரும் மனநல மருத்துவர், மாத்திரைகள், இரண்டு ஸ்கூட்டர்கள். மூன்று வருஷம் முடிந்ததும் நீட்டிப்புக் கேட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டாக்டர் வர மாட்டார், ஸ்கூட்டர் ஓடாது. இவற்றை நம்பியிருக்கும் இருபத்து மூன்று பேர் அதன்பிறகு என்ன ஆவார்கள் என்பதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

படிவம் நிரப்பியே விரல் தேய்ந்த சக ஜீவன்களே, நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும் கீழே வருவதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்தத் தடவையாவது மாற்றியிருக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

உயிரு சமாச்சாரம்

மானியம் வந்த முதல் மாதமே சோழவந்தானில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து முகாம் போட்டோம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பேனர்: ‘முன்னாள் படைவீரர்களுக்கான தற்கொலைத் தடுப்பு ஆலோசனை முகாம்’. வாசகம் என்னுடையது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னதும் நான்தான். நூறு நாற்காலி, கேசரி, வடை, மேசைக்குப் பின்னால் டாக்டர். பதினொரு மணி வரைக்கும் ஈ, காக்கை வரவில்லை. அந்த வழியாக வந்த ஒன்றிரண்டு பேர் பேனரைப் பார்த்ததும் வண்டியை முறுக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். சொந்த ஊரில், நாலு பேர் பார்க்க, அப்படி ஒரு பேனருக்குக் கீழே எந்த மனுஷன் நுழைவான்? இது எழுதும்போது தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு, மீசையை முறுக்கிவிட்ட ஒரு பெரியவர் கையில் பிளாஸ்டிக் கவரோடு உள்ளே வந்தார். நான் ஓடிப்போய் நாற்காலி போட்டேன். களப்பணியாளர் முத்துமாரி கேசரியை நீட்டினாள். டாக்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அக்கறையாக முன்னால் சாய்ந்து, “சொல்லுங்க ஐயா, மனசுல என்ன இருந்தாலும் சொல்லுங்க” என்றார். பெரியவர் கவரைப் பிரித்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“பென்ஷனுக்கு, நான் உயிரோட இருக்கேன்னு வருசா வருசம் சீல் வாங்கணும் சார். பேனர்ல என்னமோ உயிரு சமாச்சாரம்னு போட்டிருந்துச்சு, அதான் இங்க வைப்பீங்களான்னு கேக்க வந்தேன்.”

ஃபால்-இன்

அன்றைக்கு மீந்துபோன கேசரியை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் சுபேதார் வேலுச்சாமி. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் ஷூவில் முகம் பார்க்கலாம். எங்கள் அறக்கட்டளைக்கு ஆலோசகர்; சம்பளம் கிடையாது, கோபம் உண்டு. கையைக் கழுவிவிட்டு வந்து, “ஆலோசனைன்னு கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டான். ஃபால்-இன்னு கூப்பிடு, வருவான்” என்றார்.

ஃபால்-இன் என்றால் பட்டாளத்தில் வரிசையில் வந்து நின்று, பேர் கூப்பிட்டதும் பதில் சொல்வது. அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். காலை ஆறு மணிக்கு முதல் ஆள் இரண்டாவது ஆளுக்கு போன் போட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் “ஆஜர்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. இரண்டாமவர் மூன்றாமவரைக் கூப்பிடுவார். இப்படியே போய்க் கடைசி ஆள் சுபேதாரைக் கூப்பிடுவார். சுபேதார் என்னைக் கூப்பிட்டு, “மொத்தம் இருபத்து மூணு, ஆஜர் இருபத்து மூணு” என்பார். யாராவது எடுக்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் உடனே அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பின்னாலேயே எங்கள் ஸ்கூட்டர் போகும். பேனரைக் கண்டு ஓடியவர்கள் இதற்கு ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள். ராணுவத்தில் பதினேழு வருஷம், இருபது வருஷம் பழகிய விஷயம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒரு வார்த்தையில் யாருடைய துக்கம் குறையும் என்று கேட்டேன்.

“துக்கத்தை நம்ம தொடவே வேணாம்மா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஒருத்தன் நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுவான்னு தெரிஞ்சா, பதில் சொல்லாமப் போறதுக்குப் பட்டாளத்துல இருந்தவனுக்கு மனசு வராது.”

சார்ஜர்

முதல் தடவை சங்கிலி அறுந்தது பதினேழாம் ஆளிடம். சோழவந்தான்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டியவர், இப்போது வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். காலை ஆறு பத்துக்கு போன் அணைந்திருக்கிறது என்று சுபேதார் சொன்னதும் நான் முத்துமாரிக்கு போன் போட்டேன். அவள் ஸ்கூட்டரில் பறந்தாள். நானும் சுபேதாரும் ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க நான் ஜெபமாலையை எடுக்கலாமா வேண்டாமா என்று பைக்குள் கையை விட்டபடி வந்தேன்.

அவர் முழங்கால் வரைக்கும் ஈரத்தோடு கொடிக்காலுக்குள் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் ஆள் ஒருவர், முத்துமாரி, சுபேதார், நான், சத்தம் கேட்டு வந்த இரண்டு பேர் என்று ஆறு பேர் வரப்பில் மூச்சு வாங்க நின்றோம். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று இருந்த எனக்கு அவரைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார்.

“சார்ஜரை எலி கடிச்சதுக்கு இம்புட்டுப் பேரா மேடம்? மலையில காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடந்தப்பக்கூட என்னையத் தூக்க ரெண்டு பேருதான் வந்தாங்க.”

லீவுச் சீட்டு

பெரியகருப்பன் எங்கள் பட்டியலில் ஒன்பதாவது ஆள். கீழக்குயில்குடி. ராணுவத்தில் நாயக் பதவியில் ஓய்வு பெற்று, கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். பனிமலையில் கூட இருந்த நண்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். ஊருக்கு வந்த பிறகு பேச்சு குறைந்து, தூக்கம் குறைந்து, ஒரு கட்டத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டார். அவர் மனைவி செல்விதான் எங்கள் எண்ணை எங்கேயோ வாங்கி, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கூப்பிட்டு, அவரை ஃபால்-இன்னில் சேர்த்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஆஜர் சொல்லவில்லை. அந்தத் தடவை எலி கடிக்கவில்லை. சுபேதார் தேடிப் போனபோது பெரியகருப்பன் சமணர் மலை அடிவாரத்தில், ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதற்காக அங்கே போனார் என்பதை நான் எழுதப் போவதில்லை. சுபேதார் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெயில் பாறைக்கு ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள். பிறகு, மைதானத்தில் அதட்டுகிற குரலில், “ரோல் கால்ல ஆள் இல்ல. லீவுச் சீட்டு எங்கடா?” என்று கேட்டிருக்கிறார். பெரியகருப்பன் எழுந்து விறைப்பாக நின்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது சுபேதார் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். பெரியகருப்பன் சொன்ன பதிலை மட்டும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

“லீவு கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு தெரியும் சாப். அதான் கேக்கல.”

பதினோராம் கட்டம்

வருஷாந்தர அறிக்கையில் பதினோராம் கட்டம் இப்படி இருக்கும்: ‘தடுக்கப்பட்ட தற்கொலைகளின் எண்ணிக்கை (உரிய ஆதாரத்துடன்)’. உங்கள் படிவத்திலும் இப்படி ஒன்று இருக்கும். நடக்காத ஒன்றுக்கு ஆதாரம் கேட்கும் கட்டம். மழைக்குக் குடை பிடித்தவன், நனையாத தலைக்கு ரசீது கொடுக்க வேண்டும். நான் மூன்று நாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியகருப்பன் அன்றைக்கு மலையடியிலிருந்து எழுந்து வந்ததற்கு என்ன ஆதாரம்? வீட்டுக்கு வந்து செல்வி வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார், அதுதான் ஆதாரம்.

கடைசியில் மானியம் கொடுக்கும் அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்த கிளார்க் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். யாருக்கும் கெடுதல் நினைக்காத குரலில் வழி சொன்னார்.

“அவங்ககிட்டயே ஒரு லெட்டர் எழுதி வாங்கிருங்க மேடம், ‘நான் சாகிறதா இருந்தேன், இப்ப இல்லை’ன்னு. கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தா இன்னும் நல்லது.”

ஒரே ஆள்

மாதாமாதம் புதிய பயனாளிகளைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை மறுபடி எழுத முடியாது. கணினி சிவப்பெழுத்தில் திட்டும். நம் ஊரில் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. மனுஷன் அப்படி இல்லை. தூக்கிவிட்ட பிறகும் கிணற்றடியிலேயே நிற்பான். மலையடிச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் பெரியகருப்பனுக்கு மாத்திரை கொடுத்தார். ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வெடி போட்டால் ஒரு தடவை, பழைய நண்பனின் நினைவு நாள் வந்தால் ஒரு தடவை, காரணமே இல்லாமல் ஒரு தடவை என்று அவர் மறுபடி மறுபடி சரிவார். ஒவ்வொரு தடவையும் முத்துமாரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போவாள். செல்வியோடு சேர்ந்து வெங்காயம் உரித்தபடி பேச்சுக் கொடுத்துவிட்டு, அவர் ஒரு வாய் சாப்பிட்டதும் திரும்பி வருவாள்.

மாதக் கடைசியில் அறிக்கை அடிக்க உட்கார்ந்தவள், கணினித் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. முகத்தில் என்னைவிட வயதானவளின் களைப்பு.

“பெரியகருப்பண்ணனை இந்த மாசம் மட்டும் நாலு தடவை காப்பாத்திருக்கேன் மேடம். அதையும் ஒண்ணுன்னுதான் போடணுமா?”

முகம் தெளிவாக இல்லை

அடுத்தது புகைப்படம். கூட்டம் நடந்ததற்குச் சான்றாக, இடமும் நேரமும் பதிவாகும்படி, பயனாளிகளின் முகம் தெரிய எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்கள் மாட்டவே மாட்டோம் என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி, முதுகைக் காட்டி நிற்க ஒப்புக்கொள்ள வைத்தேன். எட்டுப் பேர் சுவரைப் பார்த்து, ஒரே நேர்க்கோட்டில், அட்டென்ஷனில் நின்றார்கள். அழகான படம். அனுப்பிய மறுநாள் திரும்பி வந்தது: ‘முகம் தெளிவாக இல்லை.’

மறுபடி போய் நின்றேன். விதி, அலுவலகம், நீட்டிப்பு என்று என் வழக்கமான பாட்டைப் பாடினேன். கொடிக்கால்காரர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். அவர் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் முகத்தைக் கேட்கவில்லை.

“நான் செத்தாக்கூட ஒரு வருசம் தள்ளி வச்சு எம் மக கல்யாணம் நடந்துரும் மேடம். இந்தப் போட்டோவுல உயிரோட நின்னா நடக்காது.”

ஆம் / இல்லை

இரண்டாம் வருஷம் ஒரு ‘வெற்றிக் கதை’ கேட்டார்கள். பெயரில்லாமல், ஊரில்லாமல் பெரியகருப்பனைப் பற்றி எழுதினேன். நன்றாகவே எழுதினேன்; அதுதான் என் சாபக்கேடு. படித்துவிட்டு மேலிடத்திலிருந்து ஒரே ஒரு விளக்கம் கேட்டார்கள்: ‘பயனாளி தற்போது மகிழ்ச்சியாக உள்ளாரா? ஆம் / இல்லை.’ இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும். என் இஷ்டத்துக்குத் தொட மனம் வரவில்லை. கம்பெனியில் அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை வரும் நேரம் பார்த்து போன் போட்டுக் கேள்வியை அப்படியே வாசித்தேன்.

எதிர்முனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் கேட்டைத் திறந்து, லாரியை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். இத்தனை நேரமும் அவர் அதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது.

“ரெண்டும் வேணாம் மேடம். ‘ஆஜர்’னு மட்டும் போட முடியுமா?”

வீடு எது?

இனி வருவது என் தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபால்-இன்னில் சேரும் ஒவ்வொருவரிடமும், “உங்க பேரு எங்கேயும் போகாது, வெறும் எண் மட்டும்தான் எழுதுவோம்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நீட்டிப்பு விண்ணப்பத்தில் ‘அதிக ஆபத்தில் உள்ள பயனாளிகள்’ பட்டியல் கேட்டார்கள். எண் போட்டால் கணினி ஏற்கவில்லை. பெயர், ஊர், ஆதார் மூன்றும் வேண்டும். கடைசி நாள் மத்தியானம், மானிய அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இல்லை. ஐந்து மணியோடு விண்ணப்ப இணையதளம் மூடிவிடும். டாக்டரும் ஸ்கூட்டரும் நின்றுபோவதைவிடப் பெயர் போவது பரவாயில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐந்து பெயர்களை அடித்தேன். முதல் பெயர் பெரியகருப்பன். சுபேதாரிடம்கூடச் சொல்லவில்லை. ரகசியமாகத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்பினேன். இல்லை, நம்ப ஆசைப்பட்டேன்.

அடுத்த மாதம் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு, மரியாதையான பிள்ளை. எங்களுக்குச் சொல்லாமல் நேராக ஊருக்குப் போவதுதான் நேர்மை என்று நினைத்திருக்கிறார். கீழக்குயில்குடி டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கையில் தாளை வைத்துக்கொண்டு, தற்கொலைத் தடுப்புத் திட்டத்தில் இருக்கும் பெரியகருப்பன் வீடு எது என்று சத்தமாகக் கேட்டார். பத்துப் பேர் வழி சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது. மறுநாள் கப்பலூருக்குத் தெரிந்தது. தங்கள் காம்பவுண்டில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கம்பெனியில் அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

செல்வி எங்கள் மாடிக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என் மேசையில் இருந்த விண்ணப்ப நகலைத் தொடாமல் பார்த்தார்.

“ரெண்டு வருசமா ஊருக்குத் தெரியாம அவரைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன் மேடம். நீங்க ஒரு பேப்பர்ல எழுதிட்டீங்க.”

வாசித்துக் காட்ட வேண்டும்

அதற்குப் பிறகும் அவர் ஆறு மணிக்கு ஆஜர் சொன்னார். நான் காட்டிக் கொடுத்த மனுஷன், நான் கேட்ட ஒரே வார்த்தையை ஒரு நாள் தவறாமல் கொடுத்தார். என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “பதில் வந்துருச்சா மேடம்?” என்று மட்டும் கேட்பார். டாக்டர் வருவாரா என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

பதில் வந்தது. விண்ணப்பத்தில், ‘திட்டப் பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த முன்னாள் படைவீரர் தற்கொலைகள்’ என்ற இடத்தில் நான் ‘இல்லை’ என்று அடித்திருந்தேன். அதை அடித்தபோது எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? எழுந்து போய் முத்துமாரிக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். அந்த ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டுதான் கடிதம் வந்திருந்தது. அலுவலகத்துக்கு போன் போட்டு அழாத குறையாகக் கேட்டேன். இறப்பு பதிவான மாவட்டங்களுக்குத்தான் முன்னுரிமை என்று விளக்கிவிட்டு, “நல்ல விஷயந்தானே மேடம், சந்தோஷப்படுங்க” என்றார்கள்.

ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். மானியம் கிடைக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றேன். சுபேதார் கேட்கவில்லை. ஆர்டர் என்று வந்தால், நல்லதோ கெட்டதோ, வரிசையில் நிற்பவனுக்கு முழுசாக வாசித்துக் காட்டுவதுதான் பட்டாளத்து முறை. மறைத்தால் அது துரோகம் என்றார். அவர் என்னை மனதில் வைத்துச் சொல்லவில்லை; ஆனாலும் துரோகம் என்ற சொல் என் மேல்தான் போய்த் தைத்தது. ஏற்கெனவே ஒன்று செய்திருந்ததால் இரண்டாவது செய்யத் துணிவில்லாமல் சரி என்றேன். அது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த பாதிரியாரிடம் கேட்டு வாங்கிய பள்ளிக்கூட மைதானத்தில் இருபத்து மூன்று பேரும் மூன்று வரிசையாக நின்றார்கள். பெரியகருப்பன் நடு வரிசை. மழித்த முகம், தேய்த்த சட்டை. சுபேதார் அட்டென்ஷன் சொன்னார். நான் வாசித்தேன்: ‘திட்டப் பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் முன்னாள் படைவீரர் தற்கொலை எதுவும் பதிவாகவில்லை. எனவே திட்டத்தின் தேவை நிரூபிக்கப்படவில்லை. நீட்டிப்புக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ டாக்டர் இனி வரமாட்டார், முத்துமாரிக்கும் இன்னொரு களப்பணியாளருக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, காலை போனை மட்டும் நாமாகவே தொடரலாம் என்று சேர்த்துச் சொன்னேன். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று சுபேதார் கேட்டார். பெரியகருப்பன் ஓரடி முன்னால் வந்து விறைப்பாக நின்றார். கோபமோ கிண்டலோ அவர் முகத்தில் இல்லை. விவரம் கேட்கும் முகம்தான்.

“ஒரு சந்தேகம் மேடம். அன்னைக்கு அந்த மலையடியில இருந்து நான் எந்திரிச்சு வராம இருந்திருந்தா, இவங்க அம்புட்டுப் பேருக்கும் இன்னும் மூணு வருசம் கெடைச்சிருக்குமா?”

*

விண்ணப்பத்தில் மறந்தும் பொய் எழுதக்கூடாது என்று பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துவந்த நான், அவருடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இல்லண்ணே, சத்தியமா கெடைச்சிருக்காது” என்று கூசாமல் சொன்னேன்.